நடுவில் ஒரு விரல் இடம்

எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலைக் காய்ச்சி, பொங்கும் முன் அணைத்தேன். குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போட்ட பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று உறைத்தது.

மச்சினி வந்தாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து துணிப்பையை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். மிச்ச நூல்கள், பரிசுப் பெட்டிகளிலிருந்து அவிழ்த்த ரிப்பன் துண்டுகள். அவற்றுக்கு நடுவே என் மனைவி கடைசியாகச் செய்த சுவர்த் தொங்கல். உள்ளங்கை அளவுதான். ஒரு சின்னக் குச்சி, அதில் வரிசையாக முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட கம்பளி நூலும் ரிப்பனும். தங்கையின் புது வீட்டுக்கென்று ஆரம்பித்தாள். அதற்குள் ஆஸ்பத்திரி.

"நடுவுல பாருங்க மாமா, பல்லு போன மாதிரி. முடிச்சுக் குடுங்க, இன்னிக்கே மாட்டிடறேன்."

இடப்பக்கம் நீலம். வலப்பக்கம் பழுப்பு. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் குச்சி. அங்கே எதைக் கட்டியிருப்பாள்? நான் தப்பாகக் கட்டினால் அது அவளுடையதாக இருக்காது.

"பச்சை?"

"அக்காவுக்குப் பச்சைன்னாலே ஆகாது. குடும்பம் நடத்தினீங்களா, வாடகைக்கு இருந்தீங்களா?"

மஞ்சள் ரிப்பனை எடுத்தேன். பக்கத்து முடிச்சைப் பார்த்துப் பார்த்து, பாதியாக மடித்து, குச்சிக்குப் பின்னால் கொடுத்து, முனைகளை வளையத்துக்குள் இழுத்தேன். கையை எடுத்ததும் வழுக்கிப்போய் நீலத்தோடு ஒட்டிக்கொண்டது. நீலத்தை நகர்த்தி இடத்தைக் குறைக்கலாமென்று தள்ளினேன். அசையவில்லை. பழுப்பும் அசையவில்லை.

கண்ணருகே வைத்துப் பார்த்தேன். இடைவெளியின் இரண்டு கரையிலும், குச்சியின் நிறத்திலேயே மெல்லிய நூலை இறுக்கிச் சுற்றிப் பசை தடவியிருந்தாள். வேறு எங்கும் அப்படி இல்லை. குச்சியின் முனைகளில்கூட இல்லை.

"இது மறந்து விட்ட இடம் இல்ல," என்றேன். "யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு வேலி போட்டிருக்கா."

மச்சினி வாங்கி நகத்தால் நெருடினாள். "வேணும்னேவா? எதுக்கு?"

"தெரியல."

மஞ்சளை அவிழ்த்தேன். தொங்கலைச் சுவரில் வைத்துப் பிடித்தேன். நடுவில் சுவர் தெரிந்தது.

"இப்படியே எடுத்துட்டுப் போ."

அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு கேட்டாள்: "மாமா, அக்கா கடைசியா என்னதான் சொன்னா? 'அவரைப் பாத்துக்கோங்க'ன்னு சொன்னதா அம்மா ஊரெல்லாம் சொல்றாங்க."

"அதெல்லாம் இல்ல. நான், உங்கம்மா, நர்ஸ், எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னோம்."

"என்ன சொன்னா?"

"'கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஜன்னல் தெரியல.'"