புல்லுக்கட்டை எங்கே இறக்குவது?

1

இந்தக் கதை ஒரு தப்பான சந்தேகத்தில் எனக்குக் கிடைத்தது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற சாலையில், புல்லுக்கட்டு சுமந்து போன ஒரு பெண்ணை இன்னொருத்தி ஃபோனில் படம்பிடித்தபடி பின்தொடர்ந்தாள். வரப்புத் தகராறுக்குச் சாட்சி சேர்க்கிறாள்போல என்று வண்டியை நிறுத்தினேன். தாயும் மகளும் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா ஜெயசுதா. மகள் தேவிப்ரியா, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அனிமேஷனும் கணினி விளையாட்டு வடிவமைப்பும் படிக்கிறாள். மீதியை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டுச் சேர்த்தேன்.

2

தொடக்கங்கள்:

கல்வராயன் மலைமேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு... (வேண்டாம். அன்று மேகமே இல்லை, மண்டை காய்ந்தது.)

அனிமேஷன் என்பது உயிரற்ற ஒன்றுக்கு... (இது கட்டுரை.)

பேச்சிலேயே தொடங்கிவிடுகிறேன்.

"இன்னாடி, என் பின்னாலயே வந்துகினு இருக்க?"

"படிப்புக்கும்மா. நீ பாட்டுக்கு நட."

"என் முதுவப் பாத்து இன்னா படிக்கப் போற?"

காரணம் இருந்தது. இறுதியாண்டுத் தேர்வுக்கு அவள் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் காட்டுப்பன்றிக்குத் தப்பி, ஓடை தாண்டி, மலை ஏற வேண்டும். எல்லாம் சரி, நடைதான் சரியில்லை. "கட்டு தலையில இருக்கு, கனம் எங்கம்மா? காத்துல மெதக்குறா" என்று ஆசிரியர் திருப்பிவிட்டார்.

[வாசகருக்கு: இந்தப் படிப்பில் நிஜ மனிதர் நடப்பதைப் படமெடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துத்தான் பொம்மையை நடக்கவைப்பார்கள். திருட்டு இல்லை, பாடத்திட்டம்.]

3

நடை பிரமாதமாக வந்தது. குதிகால் பதியும்போது இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறுவது அப்படியே ஜெயசுதா. தேர்வுக்கு முந்தைய வாரம் ஊருக்கு வந்த தேவிப்ரியா, அம்மாவிடம் ஃபோனை நீட்டினாள். (தாயின் கண்களில் நீர் திரண்டது என்று எழுதி, அடித்துவிட்டேன். திரளவில்லை.)

ஜெயசுதா விரலால் தள்ளித் தள்ளி ஓடைவரை நன்றாகவே போனாள். அங்கே நின்றாள்.

"எங்கடி எறக்கி வெக்கிறது?"

"எறக்க முடியாதும்மா. எறக்குனா ஆட்டம் முடிஞ்சிரும்."

"அப்ப எனக்கு வாணாம்." ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். முகம் சிவந்திருந்தது. "அன்னிக்குப் பாலத்தாண்ட எறக்கிட்டு, பக்கத்து வூட்டு தைலம்மாகூட ஒக்காந்து சிரிச்சிக்கினு இருந்தனே, அதையுந்தான எடுத்த? அது எங்க? நான் இன்னா நடந்துகினே இருக்கிற மாடா?"

அதை தேவிப்ரியா வெட்டிவிட்டிருந்தாள். நடைக்குத் தேவைப்படவில்லை.

4

விளையாட்டுக்கு நிரல் எழுதும் தோழி இலக்கியாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஒக்காரணுமா? இப்பவா? எல்லாம் ஒடஞ்சிரும்டி!"

"ஒடையட்டும்."

உடைந்தது. முதல் முயற்சியில் பெண் கட்டை இறக்கியபோது தலையும் கழன்று கூடவே போனது. அடுத்ததில் பன்றியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்படியோ சரிசெய்து ஒப்படைத்தார்கள்.

"ஒக்காந்தா பாயிண்ட் ஏறலயே, அப்புறம் எதுக்கு ஒக்காரணும்?" என்று கேட்டார் தேர்வாளர்.

"கழுத்து வலிக்கும் சார்."

தேறிவிட்டாள். நடைக்கு முழு மதிப்பெண், விளையாட்டின் விதிகளுக்குக் குறைத்துவிட்டார்கள். பிறகு ஒரு விளையாட்டு நிறுவனம் அழைத்தது. வேலை தருகிறோம், விளையாட்டையும் எடுத்துக்கொள்கிறோம், அந்த உட்காருவதை மட்டும் நீக்கிவிடு.

5

முடிவு ஒன்று: நீக்கினாள், வேலையில் சேர்ந்தாள். ஆனாலும் ஒவ்வோர் இரவும்... (வேலை அவளுக்குத் தேவை. எள்ள எனக்கு உரிமையில்லை.)

முடிவு இரண்டு: முடியாது என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்து... (சொல்வது எனக்குச் சுலபம்.)

அவளையே கேட்டுவிடலாம் என்று போனேன். அம்மாவும் மகளும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் பதில் சொல்லலிங்க. மொதல்ல நீங்க வெளையாடிப் பாருங்க" என்று தேவிப்ரியா ஃபோனைக் கொடுத்தாள்.

பின்னால் பன்றி, முன்னால் பாயிண்ட். நான் நிற்காமல் ஏறினேன். ஜெயசுதா எட்டிப் பார்த்தாள்.

"இவங்களும் ஒக்காரல பாரு. இன்னாங்க அவசரம் உங்களுக்கு?"

"கதைய முடிக்கணுங்க."

"முடிச்சிட்டு?"

ஃபோனைக் கொடுத்துவிட்டு நானும் சுவரில் உட்கார்ந்தேன். தேவிப்ரியா நிறுவனத்துக்கு எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். நான் பார்க்கவில்லை. உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.