பின்பக்கச் சந்தனம்

ஐந்தாவது முறையாகவும் திரையில் அதே வரிதான் வந்தது: அடாப்டர் நாட் ஃபவுண்ட். ஆம்ப்ரோஸ் மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டான். சிராங்கூன் ரோட்டு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதும் அவன்தான், கிடங்கில் ஒரு லேப்டாப் இருந்தால் சரக்கு விவரம் கம்பி வழியாக மாடிக் கம்ப்யூட்டருக்கே போய்விடும் என்று முதலாளியின் காதைக் கடித்து, இந்தப் பழைய மெஷினை வாங்க வைத்தவன். கம்பியை இணைக்கும் அடாப்டர் மட்டும் புதிது. விற்றவன் கடையில் இரண்டும் சமர்த்தாகப் பேசிக்கொண்டன. ஆயுத பூசை முடிந்து இங்கே மாட்டினால், முன்பின் பார்த்ததே இல்லை என்கிறது மெஷின்.

"மத்தியானத்துக்குள்ள மேல சரக்குக் கணக்கு வரணும் லா," என்று முதலாளி தங்கராஜு படியிலிருந்தே சொல்லியிருந்தார். "வரலன்னா மெஷின திருப்பிக் குடுத்துட்டு, நீயும் வேற எடம் பாத்துக்க."

சொன்னால் செய்கிற மனுஷர். ஆம்ப்ரோஸ் கம்பியை மாற்றினான், அடாப்டரோடு வந்த டிஸ்க்கை மறுபடி போட்டான், மாதாவை வேண்டிக்கொண்டான். கடைசியில் அடாப்டரைக் கழற்றி, அது செருகும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தான். சின்னச் சின்னத் துளைகள். பாதித் துளைகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. முகர்ந்தான். சந்தனம்.

முதலாளியம்மா சிவகாமசுந்தரி பூசையன்று தராசு, டெலிபோன், லாரி எதையும் விடவில்லை. லேப்டாப்பிடம் வந்ததும், முன்னால் வைத்தால் கண்ணாடி பாழாகிவிடும் என்று பக்குவமாகப் பின்பக்கம் திருப்பி, தாராளமாக அப்பியிருந்தார்.

இதை யாரிடம் சொல்வது? முதலாளி காதில் விழுந்தால் அந்தம்மாவை ஆட்கள் முன்னாலேயே திட்டித் தீர்ப்பார். அதற்குப் பிறகு அந்தம்மா முகத்தில் எப்படி விழிப்பது? சட்டைப்பையிலிருந்த ஊசியை எடுத்து ஒவ்வொரு துளையாகச் சுரண்டினான்.

"என்ன தம்பி சொரண்டுறீங்க?"

வாசலில் அந்தம்மாவேதான். மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரப் பையன் சாமிச் சந்தனத்தைச் சுரண்டுகிறான் என்று கடை முழுக்கப் பேசப்போகிறார்கள்.

"தூசிதான்க்கா."

அவர் ஊசி முனையைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே அடாப்டரைச் செருகி மெஷினைப் போட்டான். பழைய வரி வரவில்லை. மாடிக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"மொளகா மூட்டக் கணக்கு வந்துருச்சு லா."

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் சிவகாமசுந்தரி திரும்பி வந்தார், கையில் கிண்ணத்தோடு.

"பூசையில வச்சது அழிஞ்சுபோச்சே தம்பி. அது நல்லாயிருக்காது. மறுபடி வச்சிடுறேன்."

குழைத்த சந்தனம் விரலில் சொட்ட, அவர் மெஷினின் பின்பக்கம் வந்தார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஆம்ப்ரோஸ் சட்டென்று குறுக்கே குனிந்து நெற்றியை நீட்டினான்.

அவர் விரல் நின்றது. "ஒங்களுக்கா தம்பி?"

"எனக்குத்தான்க்கா."

நெற்றியில் ஜில்லென்று பட்டது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளும் அடாப்டரை இறுக்கி மூடியிருந்தன.