வசவுப் பக்கம்

அந்தச் செய்தியைப் படித்தபோது சசோங்கோ, பொரித்த சோயா வில்லையான தெம்பேயின் இரண்டாவது துண்டைக் கடித்திருந்தான். மென்று விழுங்கிவிட்டு மறுபடி படித்தான். "என் தங்கச்சியோட வார்த்தையெல்லாம் போயிடுச்சு. யார்கிட்ட கேக்கணும்னு தெரியல. இந்தப் பக்கத்துல உங்க பேர் இருந்துச்சு. கிளாத்தேன் ஊர்லேர்ந்து துத்திக்." மணி காலை ஐந்தரை. சோலோ நகரத்தின் அந்தச் சந்துக்குள் ரொட்டி வண்டியின் பாட்டு நுழைந்துகொண்டிருந்தது. அவன் மூன்றாவது துண்டை எடுத்தான்.

ஒன்பது வருடமாக அவனுடைய காலைகள் இப்படித்தான் விடிகின்றன. விண்டோஸ் கணினிக்கு வேண்டிய புரோகிராம்களை ஒரே வரியில் இன்ஸ்டால் செய்ய ஒரு பொதுக் கிடங்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, இறக்கி, 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பெயரை அடித்தால் போதும், தானே வந்து உட்காரும். புதிய வெர்ஷன் வந்தால் தானே மாறிக்கொள்ளும். தானே என்பதெல்லாம் சும்மா. எங்கிருந்து இறக்குவது, எப்படிப் போடுவது, பழையதை எப்படி எடுப்பது என்று யாரோ ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். அப்படி எழுதிக் கட்டிய சிறு மூட்டைக்குப் பேக்கேஜ் என்று பெயர். நூற்றுப் பதினெட்டு பேக்கேஜ்களுக்கு அந்த ஆள் சசோங்கோ. பகலில் ஒரு ஹோட்டலின் கணினி அறையில் வேலை, சம்பளம் அங்கே. இங்கே ஒன்றும் கிடையாது. முதல் வருடத்தில் எந்த ஊரிலிருந்தாவது யாராவது நன்றி எழுதினால் மனைவி வினாரை எழுப்பிக் காட்டுவான். இப்போது நன்றி வந்தாலும் குறை வந்தாலும் பார்த்ததற்கு ஒரு டிக் போடுவதோடு சரி.

"மாஸ், அந்த நூத்திப் பதினெட்டு பேருக்கும் ஆக்கிப் போட்டு முடிச்சாச்சுன்னா இங்க ஒருத்திக்கு காஸ் சிலிண்டர் மாத்தணும்" என்று சமையலறையிலிருந்து வினார் குரல் கொடுத்தாள். ஆண்களை அங்கே மரியாதையாக மாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், மனைவியும்கூட.

"வரேன்" என்றான். போகவில்லை.

துத்திக் குறிப்பிட்ட பேக்கேஜ் ஒரு பேச்சுப்பலகை. வாய் பேச முடியாதவர்களுக்கானது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதில் பதிந்து வைத்திருக்கும் குரல் பேசும். ஹாலந்தில் யாரோ ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காவது வெர்ஷன் போன வாரம் வந்தது. பழைய வெர்ஷனின் மேல் அது உட்கார மறுத்தது. அடிக்கடி நடப்பதுதான். சசோங்கோ ஒரு வரி சேர்த்தான்: முதலில் பழைய ஃபோல்டரை முழுக்க அழி, பிறகு புதியதைப் போடு.

சோதிக்காமல் விடவில்லை. சோதிப்பதற்கென்று அவனிடம் ஓர் இயந்திரம் இருந்தது. கணினிக்குள் கணினியாக ஓடுவது, ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாகப் பிறப்பது. அதில் பழையதைப் போட்டான், புதியதை மேலே ஏற்றினான், எல்லாம் பச்சை. கிடங்குக்காரர்களின் சோதனை இயந்திரத்திலும் பச்சை. அதுவும் புத்தம் புதியதுதான். அந்த இயந்திரங்களில் யாரும் குடியிருந்ததில்லை. யாரும் ஒரு வார்த்தைகூடப் பதிந்ததில்லை. ஹாலந்துக்காரரோ, மக்கள் பதிந்த குரல்களையெல்லாம் புரோகிராமின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே சேமித்து வைத்திருந்தார். அழிக்கச் சொன்ன ஃபோல்டர் அதுதான்.

அவன் அந்த வரியைப் பார்த்தான். கணினி மொழியில் மொத்தம் நாலு சொல். வெர்ஷனைத் திரும்பப் பெற்றான். குரல்களை முதலில் வேறிடத்துக்கு நகர்த்தும்படி திருத்தினான். இந்த முறை சோதனை இயந்திரத்தில் ஒரு கட்டத்தில் 'ஹலோ' என்று பேசிப் பதிந்துவிட்டு ஏற்றினான். ஹலோ பத்திரமாக இருந்தது. அனுப்பினான். இருபது நிமிடம் ஆகியிருந்தது. அழிக்கும் வெர்ஷனை அறுபத்து மூன்று பேர் இறக்கியிருந்தார்கள். மற்ற அறுபத்திரண்டு பேரும் இதுவரை வாய் திறக்கவில்லை. பக்கத்தின் தலையில் எச்சரிக்கை எழுதினான். துத்திக்குக்குத் தனியாக எழுதினான்: கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள், எதுவும் சேமிக்காதீர்கள், அழிந்ததைத் தோண்டி எடுக்க முடியாமல் போய்விடும். உடனே பதில் வந்தது. நாலு நாள் ஆயிற்றாம். லேப்டாப்பைக் கொடுத்த அறக்கட்டளையின் பையன் வந்து ரெண்டு தடவை மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்தானாம்.

அதாவது அழிந்த இடத்தின் மேல் ரெண்டு தடவை புதுச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

வினார் ஈரக் கையோடு வந்து அவன் தோளுக்கு மேலாகப் படித்தாள். வங்கிக் கவுன்டரில் உட்காருபவள், வேகமாகப் படிப்பாள். "கிளாத்தேன்தானே. ரயில்ல ஏறினா ஒரு மணி நேரம்."

"போய் என்ன பண்றது? அதான் சரி பண்ணிட்டேன்ல."

"எதைச் சரி பண்ணீங்க?" என்றாள். சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் போனான். பையில் அழிந்த ஃபைல்களைத் தோண்டி எடுக்கும் புரோகிராமும் ஒரு காலி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே வயல்கள் வந்தன, போயின. எதிர் சீட்டுப் பெண் நீட்டிய வறுத்த கடலையை வாங்கிக்கொண்டான். சாப்பிட்டானா என்று இறங்கும்போது நினைவில்லை.

துத்திக்கின் வீடு கிலோக் கணக்கில் துணி வெளுக்கும் கடை. முன்னறையில் இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், இஸ்திரி மேசை. துத்திக்குக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப் மாதிரி ஒரு துண்டு. மேசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் தங்கை லாராஸ். இருபத்தேழு வயது, ஒட்ட வெட்டிய முடி, இழுத்துக்கொண்டே இருக்கும் கைகால்கள். அதில் இடது கையின் விரல் மடக்கிய முட்டி மட்டும் அவள் சொன்னபடி கேட்டது. முட்டிக்குக் கீழே தட்டளவு சிவப்புப் பொத்தான். திரையில் வெளிச்சம் கட்டம் கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் அமுக்குவாள்.

"நீங்க கம்பெனி ஆளா மாஸ்?" என்றாள் துத்திக்.

"கம்பெனி இல்ல எம்பாக்" என்றான், அக்கா என்பதுபோல. " அந்த ஃபோல்டரை அழிக்கச் சொல்லி வரி எழுதினது நான்தான்."

துத்திக் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "தெரிஞ்சா எழுதினீங்க?"

"உள்ள குரல் இருக்கும்னு தெரியாது. பாத்திருக்கணும். பாக்கல."

"எவ்வளவு தராங்க இதுக்கு?"

"ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணுமே கிடையாதா? பின்ன எதுக்குச் செய்றீங்க?"

அவனிடம் முன்பு இதற்கு ஒரு பதில் இருந்தது. அதற்குள் லாராஸின் முட்டி எழுந்தது. வெளிச்சம் ஊர்ந்தது. மூவரும் காத்திருந்தார்கள். பொத்தான் 'டப்' என்றது.

"நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்றது லேப்டாப், டெலிவிஷன் செய்தி வாசிப்பவளின் குரலில்.

துத்திக் சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுல கோபம் கிடையாது மாஸ். தேடிப் பாத்துட்டோம். புதுசுல இருக்கிறதே இருபத்து நாலு படம்தான். பசிக்குது, கழிப்பறை போகணும், நன்றி, மகிழ்ச்சி. நீங்க ஆன் பண்ண வேணாம்னீங்க, இவ கேக்கல. ஒரு வாரமா மகாராணி மாதிரி பேசிட்டிருக்கா. நேத்து ஒரு கஸ்டமர் சட்டையைத் தொலைச்சிட்டோம்னு கத்தினாரு. இவ 'நன்றி'ன்னா. அந்தாளு கையெடுத்துக் கும்பிடாத குறை."

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"அறுநூத்திப் பன்னெண்டு. எல்லாம் என் குரல். ஆறு வருஷமா, துணி மடிச்சு முடிச்சிட்டு ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டுன்னு பதிஞ்சது. திட்டுறதுக்குன்னே தனியா ஒரு பக்கம் வச்சிருந்தா. முப்பத்தொரு கட்டம். சந்துல ஸ்கூட்டர்ல வேகமா போற ஒருத்தனும் தப்பிச்சதில்ல."

"நகல் எதுவும் எடுத்து வச்சிருந்தீங்களா?"

"அந்தப் பையன் எடுத்தானே. அதே ஃபோல்டருக்குள்ள."

சசோங்கோ லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை ஓட விட்டான். இரண்டரை மணி நேரம் காட்டியது. துத்திக் அவன் முன்னால் சூடான இனிப்புத் தேநீர் வைத்துவிட்டு இஸ்திரிக்குப் போனாள். டிரையர் சுற்றியது. லாராஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோட்டலில் விருந்தாளிகள் இப்படிப் பார்த்தால் அவன் ஒரு புன்னகை வைத்திருப்பான். அதை எடுத்து மாட்டிப் பார்த்தான், பொருந்தவில்லை. தரையைப் பார்த்தான். குற்றவுணர்ச்சி வரும் என்று ரயிலில் நினைத்திருந்தான். இப்போதுகூட வரலாம். பல் பிடுங்கிய பிறகு நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல நெஞ்சுக்குள் துழாவினான். மரத்துக் கிடந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தான்.

பதினொன்றரைக்குத் தேடல் முடிந்தது. பத்தொன்பது ஃபைல். பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தான். எட்டு வெறும் இரைச்சல். மீதி பதினொன்றில் துத்திக்கின் குரல், இப்போதைவிடக் கொஞ்சம் மெலிதாக. "மழை வருது, துணியை எடு." "வேணாம்னா வேணாம்." "லைட்டை அணைக்காத." "அக்கா எங்க." சாயங்காலம் என்ற சொல் மட்டும் மூன்று முறை வந்தது. ஒவ்வொன்றுக்கும் லாராஸின் உடம்பு முழுக்க ஒரு முறை உதறி அடங்கியது. பதினொன்றும் முடிந்த பிறகும் அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்தது?" என்றாள் துத்திக், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

"அவ்வளவுதான் எம்பாக்."

"திட்டுற பக்கம்?"

"அதுல ஒண்ணுகூட வரல."

துத்திக் தலையாட்டினாள். மடித்த சட்டையை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். "சரி. ஆறு வருஷம் பண்ணது. இன்னொரு ஆறு வருஷம்" என்றாள் யாரையும் பார்க்காமல்.

"மன்னிச்சிடுங்க" என்றான் சசோங்கோ. துத்திக்கிடம் சொல்லிவிட்டு, நாற்காலியின் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொன்னான்.

லாராஸ் பொத்தானைத் தொடவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். துத்திக் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பலகை வருவதற்கு முந்திய கால அட்டை. துத்திக் விரலை எழுத்து வரிசைகளில் ஓட்டுவாள். சரியான எழுத்து வந்ததும் லாராஸ் கண்ணை மேலே தூக்குவாள். கீழே இறக்கினால் இல்லை என்று அர்த்தம். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஐந்தாவது சொல்லில் துத்திக் நிறுத்தினாள்.

"ச்சீ. வேணாம்டி. வீடு தேடி வந்திருக்காரு."

லாராஸ் கண்ணைக் கீழே இறக்கினாள்.

"நானே பதியுறேன்டி. சாயங்காலம் பதியுறேன்."

மறுபடியும் கீழே.

துத்திக் காதோரம் சிவந்துபோய் அவன் பக்கம் திரும்பினாள். "மத்ததெல்லாம் நான் சொன்னா போதுமாம். அந்தப் பக்கத்துல முதல் கட்டம் மட்டும் நீங்க சொல்லணுமாம்."

"என்ன சொல்லணும்?"

"'டேய் எருமை, உன் கண்ணு எங்கடா போச்சு'ன்னு." அவள் அவசரமாகச் சேர்த்தாள்: "முன்னாடியும் முதல் கட்டம் அதுதான் மாஸ். புதுசா உங்களுக்குன்னு சொல்லல."

லாராஸ் கண்ணைக் கீழே இறக்கினாள். உனக்காகத்தான் என்றது அந்தப் பார்வை.

அவன் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தான். முப்பத்தொரு வெள்ளைக் கட்டங்கள் அமைத்தான். மைக்கைச் செருகி, சோதித்து, முதல் கட்டத்தில் பதியும் பொத்தானை அமுக்கினான். துத்திக் டிரையரை நிறுத்தினாள்.

"டேய் எருமை. உன் கண்ணு எங்கடா போச்சு."

வெளிச்சம் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் லாராஸ் பொத்தானைத் தட்டிக் கேட்டாள். அவனுடைய குரல் வந்தது. காலை உணவு பத்து மணி வரை என்று ஹோட்டல் வரவேற்பில் சொல்வதுபோல இருந்தது. துத்திக் உதட்டைக் கடித்துக்கொண்டாள். லாராஸ் கண்ணை இறக்கினாள். துத்திக் கை நீட்டி ஒரு விசையை அமுக்க, கட்டம் வெள்ளையானது.

"அழிச்சாச்சு. இதுல கோபமே இல்லையே மாஸ். இன்னொரு தடவையாம்."

சத்தமாகச் சொன்னான். வெறும் சத்தம். அழிக்கப்பட்டது. மூன்றாவது முறை வேகமாக. நாலாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு. வெளுத்த துணியை வாங்கிப்போகக் கடைக்கு வந்த பெண்மணி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏழாவது முறை சொல்லும்போது 'எங்கடா' என்ற இடத்தில் குரல் எதிலோ இடறியது. என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. லாராஸ் அதைத் தட்டிக் கேட்டாள். இன்னொரு முறை தட்டிக் கேட்டாள். கண் மேலே போகத் தொடங்கிப் பாதியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"கிட்ட வந்துட்டீங்க போல" என்றாள் துத்திக்.

கட்டம் மறுபடி வெள்ளையாயிற்று. அவன் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தான். எதிரில், சிவப்புப் பொத்தானுக்கு ஒரு விரல்கடை மேலே, லாராஸின் முட்டி அசையாமல் நின்றது.