கோதுமையா, பிஸ்கட்டா

எகிப்தின் மன்சூரா நகரில், கல்யாணத்துக்குப் பிறகு குடியேறப்போகும் வீட்டின் கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாடை ஷுரூக்கின் முகத்தில் அடித்தது. வரவேற்பறையின் நான்கு சுவர்களும் பிஸ்கட் நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் சொன்னது கோதுமை நிறம்.

சும்மா சொல்லிவிடவில்லை. இரண்டையும் பக்கம்பக்கமாகத் திட்டுத்திட்டாகப் பூசவைத்து, காலை வெயிலிலும் சாயங்காலத்திலும் வந்து பார்த்து, தன் கண்ணையே நம்பாமல் தங்கையையும் கூட்டிவந்து காட்டிய பிறகுதான் சொன்னாள். மதியத்துக்கு மேல் பிஸ்கட்டில் ஒரு ரோஜாச் சாயல் ஏறும். அவள் எடுத்து வைத்திருக்கும் பச்சை சோபாவுக்கு அது ஆகவே ஆகாது.

“யார் மாத்தச் சொன்னது?”

அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் ஹைத்தம் கைப்பேசியை நோண்டினான். “அம்மாதான். ரெண்டும் ஒண்ணுதானே ஷுரூக். எனக்கு வித்தியாசமே தெரியல.”

“ஒண்ணுதான்னா நான் சொன்னதையே அடிச்சிருக்கலாமே.”

அவன் தாய் இன்ஷிராஹ் தேநீர்க் குவளையோடு சமையலறையிலிருந்து வந்தாள். “கோதுமை அழுக்குக் காட்டும்மா. சுவரு மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அதுதானே வழக்கம்? உங்க பக்கத்து விஷயத்துல நாங்க மூக்கை நுழைச்சோமா?”

ஷுரூக்குக்குக் காது சுட்டது. ஒரு நிறத்துக்காகவா இத்தனை ஆத்திரம் என்று தன்மேலேயே சந்தேகம் வந்தது. நிறத்துக்காக இல்லை. இன்றைக்குச் சுவர் என்றால், நாளைக்குப் பிள்ளையின் பெயரும் அவளைக் கேட்காமலேதான் முடிவாகும்.

“நியாயந்தான் அத்தை. அப்போ திரைச்சீலை, கம்பளம், சரவிளக்கு எல்லாம் எங்க பொறுப்பு, இல்லையா?”

“பின்னே? அதுல யாரு குறுக்க வந்தா?”

“வியாழக்கிழமை உங்க சொந்தக்காரங்க சீர் பார்க்க வர்றாங்க. அன்னைக்கு ஒண்ணும் வராது. சுவருல கோதுமை ஏறுற வரைக்கும் எங்க வீட்டுலேர்ந்து ஒரு பல்புகூட வராது.”

குவளை பாதி வழியில் நின்றது. “அவங்களை இருட்டுல உட்கார வைக்கச் சொல்றியா? வெறும் வாயை மெல்ற என் ஓரகத்திக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடும்.”

“அதான் சுவரு இருக்கே அத்தை. தடவிப் பார்க்கச் சொல்லுங்க.”

ஹைத்தம் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

“பல்லைக் காட்டாதேடா. பெயிண்டருக்குப் போன் போடு.”

“என்ன நிறம்னு சொல்லட்டும்மா?”

இன்ஷிராஹ் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

“என்னை ஏன் கேக்குறே? அவளைக் கேளு.”