இரண்டாயிரத்து எண்ணூறு

அண்ணி வந்து கூப்பிட்டபோது அவள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கியாகிவிட்டது. எஞ்சினின் பின்புறம் போல்ட் ஓட்டைகளில் அடைந்திருந்த அழுக்கை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தாள். படுத்திருந்த இடத்திலிருந்து அண்ணியின் செருப்பு மட்டும் தெரிந்தது.

“டாக்டர் வந்துட்டுப் போனாரு. இன்னிக்கோ நாளைக்கோங்கறாரு,” என்றாள் அண்ணி. கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அந்த நம்பரை உங்க அண்ணன் இஷ்டத்துக்கே விட்டுடேன்,” என்றாள்.

அந்த வீட்டில் நம்பர் என்றால் எது என்று தபால்காரருக்குக்கூடத் தெரியும். அவ்வளவு நாளாக அதே பேச்சு. அண்ணன் தன் பழைய காருக்குப் புது எஞ்சின் ஒன்றைத் தானே கட்டி ஏற்றினான். ஏற்றி முடித்த கையோடு படுத்தவன்தான், எழவில்லை. நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். மிச்சமிருந்த வேலை தங்கையின் தலையில் விழுந்தது.

அது ஆட்டோமேட்டிக் வண்டி. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் கிடையாது. எண்ணெய் நிரம்பிய உருண்டைப் பாத்திரம் ஒன்று இருக்கும், அதற்குப் பெயர் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் கியர்பாக்ஸைச் சுழற்றும். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால், வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் முட்டி நிற்கும். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று முள் காட்டும் அந்த இடம்தான் ஸ்டால் ஸ்பீடு. கன்வெர்ட்டர் செய்து தருகிறவருக்கு அந்த ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் மூவாயிரத்து ஐநூறு என்றான். அவள் இரண்டாயிரத்து எண்ணூறு என்றாள்.

பழைய கன்வெர்ட்டர் ஆகாது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. அண்ணன் எஞ்சினுக்குள் போட்டிருந்த, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் சரியான சோம்பேறி. இரண்டாயிரத்து இருநூறு சுற்றுக்குக் கீழே தூங்கி வழியும், அதற்கு மேலே போனால் கையில் பிடிக்க முடியாது. பழையதையே வைத்துக்கொண்டு சிக்னலில் நின்றால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். நம்பரை ஏற்றத்தான் வேண்டும். ஆனால் கண்டபடி ஏற்றினால், ஊர்ந்து போகிற இடத்தில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, எண்ணெய் வழுக்கி வழுக்கிச் சூடேறிக் கடைசியில் கியர்பாக்ஸைத் தின்றுவிடும். அதுவோ கனமான நான்கு கதவு வண்டி. பின் அச்சின் பல்சக்கரத்தையும் மாற்றவில்லை. பேருக்குத்தான் அது அண்ணனின் கார்; தினமும் பாலத்து நெரிசலில் அதை வேலைக்கு ஓட்டிப்போகிறவள் அண்ணி. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காருகிறவளுக்குச் சீறிக்கொண்டு கிளம்பி என்ன ஆகப்போகிறது?

அண்ணன் எஞ்சின், தங்கை கியர்பாக்ஸ். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை இருவரும் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சேருகிற இடத்தில் சண்டை வரும். அதற்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இருவரில் ஒருவர் மனசார ‘சரி’ என்று சொல்லாமல் ஒரு நட்டுகூட ஏறாது. சலித்துப்போய்ச் சொல்கிற ‘சரி’, பாவம் பார்த்துச் சொல்கிற ‘சரி’ எல்லாம் செல்லாது. வண்டி கொடுத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள், சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஷெட்டிலிருந்து போன கியர்பாக்ஸ் எதுவும் புகையோடு திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்கு அசாத்தியப் பெருமை.

அவள் கை கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது சித்தப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தார். போகிற உயிரிடம் போய் ஒரு எண்ணுக்காக மல்லுக்கு நிற்பாயா என்று கேட்டார். அவன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, அப்புறம் உன் இஷ்டம்போல் மாட்டிக்கொள், அவன் வந்து அளந்து பார்க்கவா போகிறான் என்று வழியும் சொன்னார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியின் முகத்தைப் பார்க்க இவளுக்குத் தாங்கவில்லை.

உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் கண்ணைத் திறந்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது.

“அண்ணே, நீ சொன்னதையே போட்டுடறேன். மூவாயிரத்து ஐநூறு. சரி.”

அவன் அவளையே பார்த்தான். “அப்படியா?” என்றான். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“பாத்தியா, நிம்மதியாயிட்டான்,” என்றார் பின்னாலேயே வந்து நின்ற சித்தப்பா.

அவள் விறுவிறுவென்று ஷெட்டுக்கு வந்தாள். கழுவிய கையையே குழாயடியில் மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஷெட் தொடங்கிய நாளிலிருந்து அவன் சொன்ன எதற்கும் அவள் இவ்வளவு சுலபத்தில் தலையாட்டியதில்லை. அது அவனுக்குத் தெரியாதா? டாக்டர் வெளியே வந்து ரகசியமாகச் சொன்னதை, அண்ணி முகத்தில் காட்டாமல் அடக்கியதை, அவள் ஒரு சொல்லில் போட்டு உடைத்துவிட்டாள். இனி உன்னோடு பேசி என்ன பிரயோசனம் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதுதான் அந்தச் ‘சரி’. நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். கூடத்தில் சித்தப்பாவிடம், கடை வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நின்று நிதானமாகவே குடியுங்கள் என்றாள்.

“இந்தப் பக்கம் திரும்பு,” என்றாள் அண்ணனிடம். “நான் சொன்னது பொய்.”

“தெரியும்,” என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. “நிஜமா ஒத்துக்கறதுன்னா மூக்கை ஒரு தடவை உறிஞ்சிட்டுத்தான் ஒத்துக்குவே.”

“மூவாயிரத்து ஐநூறு சுத்தப் பைத்தியக்காரத்தனம். பாலத்துல ஊர்ந்து போறப்ப எண்ணெய் வெந்துடும். நீ யாருக்கு வண்டி பண்றே? உனக்கா, அண்ணிக்கா?”

அவன் திரும்பினான். “எண்ணெய்க்குத் தனியா ஒரு கூலர் வை.”

“வெச்சாச்சு. அதையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டார்கள். அவனுக்கு மூச்சு இருக்கிற அளவுக்கு ஒரு வாக்கியம், அது முடிந்ததும் அவளுக்கு இரண்டு. கேம்ஷாஃப்ட் எங்கே விழிக்கிறது என்று அவன் ஆரம்பித்தால் அவள் வண்டியின் எடைக்குப் போனாள். அவள் எடைக்குப் போனால் அவன் மூவாயிரத்து இருநூறுக்கு இறங்கி வந்து பார்த்தான். அவள் ஐம்பதுகூட ஏறவில்லை. ஒரு தடவை அவன் ஆத்திரத்தில் குழாயைப் பிடுங்கினான். அண்ணி வந்து மறுபடி மாட்டிவிட்டாள். போதும் நிறுத்துங்கள் என்று சொல்வாள் என்று தங்கை பார்த்தாள். அண்ணியோ தலையணையை உயர்த்தி வைத்து, புருஷனை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவைத்தாள். அவன் முகத்தில் லேசாக ரத்தம் ஓடியிருந்தது.

“என் எஞ்சினோட இழுப்பு என்னன்னு கன்வெர்ட்டர்காரர்கிட்ட சொன்னே?” என்று கேட்டான்.

அவள் உண்மையைச் சொன்னாள். “நீ சொன்னதுல ஒரு பங்கு கழிச்சுட்டுச் சொன்னேன்.”

“ஏன்?”

“நீ எந்த எஞ்சினுக்குத்தான் கூட்டிச் சொல்லாம இருந்திருக்கே?”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. ஒரே கன்வெர்ட்டர்தான் என்றாலும் பின்னால் தள்ளுகிற எஞ்சினுக்கு வலு அதிகமென்றால் முள் இன்னும் மேலே போய்த்தான் நிற்கும். அது இருவருக்கும் தெரியும். எஞ்சினை அண்ணன் அடக்கமாக ஓடவிட்டுப் பார்த்ததோடு சரி, முழு வலுவையும் யாரும் இன்னும் பார்த்ததில்லை.

“இந்தத் தடவை கூட்டலை,” என்றான். மூச்சைச் சேர்த்துக்கொண்டான். “பாலத்துக்கு உன் நம்பர்தான் லாயக்கு. போடு. சரி. ஆனா என் எஞ்சின் அதைத் தாண்டும்.”

“தாண்டாது,” என்றாள் அவள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். சாப்பிட்டு வந்து மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து போகிறவனுடைய முகம். அவள் அங்கே உட்கார்ந்தபடியே கன்வெர்ட்டர்காரருக்குப் போன் செய்தாள். அவன் காதில் விழட்டும் என்று எண்ணைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். முனகுவான் என்று திரும்பிப் பார்த்தாள். தூங்கிவிட்டிருந்தான். அவனுடைய காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே இருந்தாள். வெயில் சாயும் நேரத்தில், தூக்கத்திலேயே அவன் மூச்சு நின்றது. அண்ணி ஒரு கையையும் இவள் காலையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக என்ன பேசினான் என்று கேட்டார்கள். கார் பற்றித்தான் என்று அண்ணி சொன்னாள். அவர்களுக்கு அது அவ்வளவு திருப்தியாக இல்லை. ‘தாண்டாது’ என்று சொல்லி ஒருத்தி தன் அண்ணனை அனுப்பிவைத்தாள் என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ. அவள் அதற்காக வருத்தப்படவில்லை. அவளுடைய நம்பரைப் போடச் சொல்லிவிட்டு, முள்ளைப் பார்க்காமல் போய்விட்டானே என்று கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகு வந்தது. எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஷெட்டில் அவன் பக்கத்து மேஜை எதிரே நின்றபோது வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு, வயிறு வலிக்கும்வரை அழுதாள்.

கன்வெர்ட்டர் வந்து சேர்ந்த அன்றே வேலையைத் தொடங்கினாள். அதைக் கியர்பாக்ஸின் தண்டில் திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். ‘டக்’கென்று விழுந்துவிட்டது, போதும் என்று நம்பி மாட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய் பம்ப் நொறுங்கிவிடும், கடைசிப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது என்று கை சொல்ல வேண்டும். கை சொன்னது. கியர்பாக்ஸை ஏற்றி, போல்ட்டுகளை முறுக்கி, எண்ணெய் ஊற்றினாள். எஞ்சினைக் கிளப்பிச் சூடாகவிட்டு, வாசலுக்கும் தெருவுக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். தடுமாறவில்லை. காலை லேசாக வைத்தால் லேசாக நகர்ந்தது, பிரேக்கைப் பிடித்தால் அணையாமல் நின்றது. அவள் நினைத்தபடியே வந்திருந்தது.

பாக்கி ஒன்றுதான். வண்டியை ஷெட்டின் சுவரைப் பார்க்க நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகளைக் கொடுத்தாள். சத்தம் கேட்டு வந்த அண்ணியை ஓரமாக நிற்கச் சொன்னாள். கியரைப் போட்டு, இடது காலால் பிரேக்கை இறுக்கி, வலது காலால் தரை வரைக்கும் மிதித்தாள்.

வண்டி குந்தியது. ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. முள் இரண்டாயிரத்து ஐநூறைக் கடந்து போனது. எண்ணூறில் நிற்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நிற்கவில்லை. மூவாயிரத்தைத் தொட்டு, அதற்கும் நூலளவு மேலே ஏறி, அங்கே நின்று நடுங்கியது.

காலை எடுத்தாள். அப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் கொதித்துவிடும். கியரை விடுவித்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டாள்.

அண்ணி ஜன்னலில் குனிந்தாள். “சரியா வந்திருக்கா?”

“வந்திருக்கு. பாலத்துல நீங்க பயப்படாம ஓட்டலாம்.”

“அவரு சொன்னது?”

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முள்ளையே பார்த்தாள். “தாண்டிடுச்சு அண்ணி.”

அண்ணி வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். “இன்னொரு தடவை மிதி,” என்றாள்.

“எண்ணெய் ஆறணும். கொஞ்ச நேரம் பிடிக்கும்.”

“ஆறட்டும். எனக்கு ஒண்ணும் வேலையில்லை.”

அண்ணி கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.