ரெண்டு கோடு சத்தம்

வீம்புன்னு ஒண்ணு இருக்கே, அது என் நாக்குலயே குடியிருக்கு. இல்லேன்னா அத்தானோட அந்தப் போட்டிக்கே போயிருக்க மாட்டேன்.

அத்தான், அக்கா வீட்டுக்காரர், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். ஆறு மாசம் உட்கார்ந்து, விரலெல்லாம் சுட்டுக்கிட்டு, தன் கையாலயே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செஞ்சார். மேலே நாலு கண்ணாடிக் குழாய், சூடேறினா செவசெவன்னு எரியும். நான் ஆடியோ கடை வச்சிருக்கேன். கையகலத்துக்கு, சூடே ஏறாத கிளாஸ் டி-ங்கற புது ரக ஆம்ப்ளிஃபயர் ஒண்ணைக் கொண்டுபோய், "இது உங்க அடுப்பைத் தூக்கிச் சாப்பிட்டுடும் அத்தான்"னு சீண்டினேன்.

"தொட்டா ஜில்லுன்னு இருக்கு. இதுக்குள்ள பாட்டு விறைச்சுப் போயிடாதாடா?"ன்னு சிரிச்சார்.

ரெண்டையும் போர்வை போட்டு மூடினோம். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு; எது உசத்தின்னு அக்காவும் அத்தானும் சொல்லணும். மாத்தி மாத்திப் போடற வேலை என்னுது. ரெண்டுக்கும் சத்தம் சரியா ஒரே அளவு இருக்கணும். ஏன்னா கொஞ்சம் கூடுதலா ஒலிக்கிறதுதான் காதுக்கு உசத்தியாத் தோணும். கடையில நான் தினமும் காட்டற வித்தை அது. என் புத்தி எங்கே போச்சோ, என் பெட்டிக்கு மட்டும் சத்தக் குமிழை ரெண்டு கோடு கூட்டி வச்சேன்.

அக்கா உடனே, "ரெண்டாவதுதான்"னா. அத்தான் கண்ணை மூடி, திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுட்டு, "ரெண்டாவது"ன்னு மெதுவாச் சொன்னார். போர்வையை எடுத்தேன். ரெண்டாவது என் பெட்டி. அவர் முகம் செத்துப்போச்சு. நான் கைதட்டிக் குதிச்சேன், வெட்கங்கெட்டவன்.

ரெண்டு மாசம் கழிச்சு அக்கா போன் பண்ணினா. "உன் அத்தான் வேலையை விட்டுட்டார்டா. காது போச்சாம். டாக்டர் ஒண்ணுமில்லேன்னு சொல்லியும் கேக்கலை. சுருதி சேர்க்கிற சாமானையெல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டு, கிடங்குல பெட்டி அடுக்கப் போறார்."

மறுநாள் காலையிலேயே போய் எதிர்ல நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"ரெண்டு கோடா?"

"ஆமா அத்தான். என்னைச் செருப்பால அடிங்க."

அவர் அடிக்கலை, திட்டக்கூட இல்லை. "அன்னிக்கே ரெண்டாவதுல சத்தம் தூக்கலாத்தான்டா பட்டுச்சு. ஆனா அளவு வச்சது நீயாச்சே. அப்போ கோளாறு என் காதுலதான்னு முடிவு பண்ணிட்டேன்"னார்.

அப்புறம், "சாமான்தான் கைவிட்டுப் போச்சே, கிடங்குக்கு நேரமாச்சு"ன்னு சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டார்.