பாதிக் கையெழுத்து

இரண்டாம் முறை வந்த ஸ்கேன் டாக்டருக்கு அறைக்குள் நுழைந்ததுமே பகீரென்றது. போன வருடம் வெளிநாட்டு வேலையில் விடுப்பெடுத்து, ஒரு தொண்டு நிறுவனம் மூலம் இந்த மருத்துவமனைக்கு வந்து அவர் நிறுவிய இயந்திரத்தைப் படுக்கை விரிப்பால் போர்த்தி, அதன்மேல் காலி மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் ஏழெட்டுக் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவரிடம் மூன்று வாரம் பயின்ற நர்ஸைக் காணவில்லை. தலைமை மருத்துவர் வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர். எதிரே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"நீங்க கொடுத்த சான்றிதழைக் காட்டி வெளிநாட்டுல வேலை வாங்கிட்டாங்க. நீங்க இருக்கற நாட்டுலதான்."

டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேற்படிப்புக்காக்கும் என்று நினைத்துப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் அவரேதான். நர்ஸ் போன பிறகு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தது தெரியாமலேயே இரண்டு தாய்மார்கள் ரத்தப்போக்கில் இறந்துபோனதாகத் தலைமை மருத்துவர் சொன்னார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டாக்டருக்கு.

இந்த முறை கற்றுக்கொடுங்கள், சான்றிதழ் மட்டும் வேண்டாம் என்று தலைமை மருத்துவர் கேட்டுக்கொண்டார். இருந்த மனநிலையில் டாக்டர் தலையாட்டிவிட்டார்.

புதிதாகக் கற்க வந்த நர்ஸைத் தடித்த மூக்குக்கண்ணாடியை வைத்து எல்லாரும் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டார்கள். அவள் புருஷன் உள்பட. கெட்டிக்காரி. இரண்டாவது வாரமே, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் கருவியை நகர்த்திக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தி, நஞ்சுக்கொடி வழியை மறித்துக் கிடப்பதைக் காட்டினாள். அந்தப் பெண்ணை அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கடைசி நாள், இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே கண்ணாடி சான்றிதழ் பற்றிக் கேட்டாள். தொண்டு நிறுவனத் தலைமையகத்திலிருந்து வர வேண்டும் என்று டாக்டர் மழுப்பினார்.

"முன்ன இருந்த நர்ஸுக்குக் கையோட கொடுத்தீங்களே, மேடம். நானும் போயிடுவேன்னு பயமா?"

டாக்டர் இயந்திரத்தின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"மாமியார் படுத்த படுக்கையா கிடக்காங்க. ரெண்டு பிள்ளைங்க வேற. நான் எங்க போகப்போறேன்? ஆனா நாளைக்கு ஒண்ணு தப்பாப் போச்சுன்னா, உன்னை யாரு மெஷின்ல கை வைக்கச் சொன்னான்னு என்னைத்தானே பிடிப்பாங்க? அப்போ காட்டறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

டாக்டர் நேரே தலைமை மருத்துவரிடம் போனார். கெஞ்சினார், வாதாடினார். சான்றிதழில் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருத்தியை இழந்தது போதும் என்று தலைமை மருத்துவர் பேனாவைத் தொடவே இல்லை. டாக்டர் தன் பங்குக்குக் கையெழுத்திட்டுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடி அதை வாங்கிப் பார்த்தாள். இன்னொரு கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. தாளை மேசையில் வைத்து, அதன்மேல் ஸ்கேன் அறைச் சாவியையும் வைத்துவிட்டு வார்டு வேலைக்கே போய்விட்டாள். டாக்டர் கிளம்பும்போது வழியனுப்பக்கூட வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை டாக்டரின் வீட்டுக்கு வந்தது. பயிற்சியின்போது எடுத்த அட்டைப் படத்தில் கண்ணாடி கருவியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே வாரம் தலைமை மருத்துவரிடமிருந்தும் ஒரு கடிதம்: இயந்திரம் நன்றாக இருக்கிறது, தொடத்தான் ஆளில்லை, அடுத்து எப்போது வருகிறீர்கள்?

அந்த வருடம் டாக்டர் விடுப்புக்கு விண்ணப்பிக்கவில்லை.